ஈரானியரின் வாக்கும் லண்டன் வானொலியும்: டாக்டர் முஹம்மது முஸத்திக்கின் வாழ்வு

ஒரு நாட்டில் தேர்தல் நெருங்குகிறது. அந்த நாட்டு மக்கள் யாரை ஆட்சியில் அமர்த்த வேண்டும், யாரை இறக்க வேண்டும் என்று பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கும் ஊடகங்கள் முடிவு செய்ய முயலலாமா? உலகம் முழுவதும் இன்று பேசப்படும் கேள்வி இது. எங்கள் தேர்தலில் அந்நியர்கள் மூக்கை நுழைத்துவிட்டார்கள் என்று வல்லரசுகளே இப்போது குமுறுகின்றன. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே வல்லரசுகள் ஒரு முஸ்லிம் நாட்டில் இதைத்தான் செய்தன. வானொலியாலும் பத்திரிகையாலும் பணத்தாலும் ஒரு பிரதமரை வீழ்த்தின.

அந்தப் பிரதமர் ஈரானின் டாக்டர் முஹம்மது முஸத்திக். அவருடைய பெயரை நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றித் தெரிந்துகொண்டால் மேலே உள்ள கேள்விக்கு நாமே ஒரு விடை காண முடியும். அதற்காகவே அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயரும் பிறப்பும்

முஸத்திக் 1882 ஜூன் 16 அன்று டெஹ்ரானில் பிறந்தார். தந்தை மிர்ஸா ஹிதாயதுல்லாஹ், கஜார் அரசர்களின் நிதித்துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். தாயார் நஜ்முஸ் ஸல்தனா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். டெஹ்ரானில் ஏழைகளுக்காக நஜ்மிய்யா மருத்துவமனையைக் கட்டி அதை வக்ஃபு செய்தவர் இந்த அம்மையார்தான். அந்த மருத்துவமனை இந்த வரலாற்றின் கடைசிப் பகுதியில் மீண்டும் வரும்.

பத்து வயதில் தந்தையை இழந்த முஸத்திக், பதின்வயதிலேயே குராசான் மாகாணத்தின் வரிக் கணக்குப் பொறுப்பை ஏற்றார். அரசர் கொடுத்த பட்டம்தான் முஸத்திக் என்பது. தஸ்தீக் என்ற சொல்லை அறிந்த நமக்கு அதன் பொருள் புரியும். உண்மை என்று உறுதிப்படுத்துபவர். கணக்குகளைச் சரிபார்க்கும் அதிகாரிக்குக் கொடுத்த அந்தப் பட்டமே பிறகு அவருடைய குடும்பப் பெயரானது.

1906-இல் ஈரானிய மக்கள் போராடி அரசியல் சாசனத்தையும் மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றத்தையும் பெற்றார்கள். அந்த முதல் மஜ்லிஸுக்கு இஸ்ஃபஹான் மக்கள் முஸத்திக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உறுப்பினராவதற்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்கு 24 வயதுதான். எனவே அவரால் பதவியேற்க முடியவில்லை.

அதன்பின் பாரிஸ் சென்று படித்தார். உடல்நலம் கெட்டுத் திரும்பினார். மீண்டும் புறப்பட்டு சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1914-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் இஸ்லாமியச் சட்டத்தில் வசிய்யத், அதாவது மரண சாசனம். ஐரோப்பாவுக்குப் போய் ஐரோப்பியச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு வந்தவர் அல்ல அவர். தம் மார்க்கச் சட்டத்தை அவர்கள் சபையில் வைத்துப் பட்டம் வாங்கி வந்தவர்.

அரசருக்கு எதிராக எழுந்த குரல்

நாடு திரும்பியபின் மாகாண ஆளுநர், நிதியமைச்சர், வெளியுறவு அமைச்சர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1925-இல் பிரதமராக இருந்த ரிஸா கான் தம்மையே மன்னராக்கிக்கொள்ள முனைந்தார். மஜ்லிஸில் அதை எதிர்த்துப் பேசியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் முஸத்திக்கும் ஒருவர். பிரதமர் என்றால் மஜ்லிஸுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆட்சி நடத்தும் மன்னர் யாருக்குப் பதில் சொல்வார் என்பதே அவர் வாதம்.

அதற்கான விலையை அவர் கொடுத்தார். 1928-க்குப் பிறகு பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டு, டெஹ்ரானுக்கு மேற்கே உள்ள அஹ்மதாபாத் கிராமத்துப் பண்ணை வீட்டில் முடங்கினார். 1940-இல் கைது செய்யப்பட்டு பிர்ஜந்த் சிறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு 58 வயது. பிறகு சொந்த ஊரிலேயே காவலில் வைக்கப்பட்டார்.

1941: வானொலி திறந்துவிட்ட கதவு

1940 டிசம்பரில் லண்டனிலிருந்து பிபிசியின் பாரசீக மொழி ஒலிபரப்பு தொடங்கியது. அது உலகப்போர்க் காலம். ஜெர்மனியோடு நெருக்கமாக இருந்த ரிஸா ஷாவை பிரிட்டன் விரும்பவில்லை. 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படைகளும் சோவியத் படைகளும் ஈரானுக்குள் நுழைந்தன. அதையடுத்த வாரங்களில் பிபிசி பாரசீக ஒலிபரப்பு ரிஸா ஷாவின் கொடுங்கோன்மையையும் நிலப்பறிப்பையும் வெளிப்படையாகப் பேசியது. அதுவரை எந்த ஈரானியப் பத்திரிகையும் எழுதத் துணியாத செய்திகள் அவை. செப்டம்பரில் ரிஸா ஷா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேற, அவருடைய மகன் முஹம்மது ரிஸா அரியணை ஏறினார்.

அந்த மாற்றத்தால் விடுதலை பெற்றவர்களில் முஸத்திக்கும் ஒருவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். லண்டன் வானொலி சொன்னவற்றில் பல உண்மைகள் இருந்தன. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் உண்மை இப்போதுதான் அந்த வானொலிக்குத் தெரிய வந்ததா? ரிஸா ஷாவின் கொடுமை ஆண்டுக்கணக்கில் நடந்தது. பிரிட்டனுக்கு அவர் வேண்டாதவரானபோதுதான் அது செய்தியானது. ஒரு கொடுங்கோலருக்கு எதிராகத் திருப்பப்பட்ட அந்தக் கருவி, பத்து ஆண்டுகள் கழித்து மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு எதிராகத் திரும்பியது.

எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

1908-இல் ஈரானின் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அதை எடுக்கும் உரிமை ஏற்கெனவே 1901-லேயே ஓர் ஆங்கிலேயருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து உருவான ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை 1914-இல் பிரிட்டிஷ் அரசே வாங்கிக்கொண்டது. அபாதானில் அந்தக் கம்பெனி கட்டிய சுத்திகரிப்பு ஆலை அன்றைக்கு உலகிலேயே பெரியது. ஆனால் ஈரானுக்குக் கிடைத்த பங்கைவிட பிரிட்டிஷ் அரசு அந்தக் கம்பெனியிடம் வசூலித்த வரி அதிகமாக இருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் தோட்டங்கள் சூழ்ந்த பங்களாக்களில் வாழ, ஈரானியத் தொழிலாளர்களில் பலர் காகிதாபாத் என்று பெயர் பெற்ற குடிசைகளில் மின்சாரமும் குடிநீர்க் குழாயும் இன்றிக் கிடந்தார்கள்.

விடுதலையான முஸத்திக் டெஹ்ரான் மக்களால் மஜ்லிஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944 டிசம்பரில் அவர் கொண்டுவந்த சட்டம் மஜ்லிஸின் ஒப்புதல் இன்றி எந்த அந்நியருக்கும் எண்ணெய் உரிமை வழங்கப் பேச்சு நடத்துவதையே தடுத்தது. அப்போது வடபகுதி எண்ணெயைக் கேட்டு நெருக்கியது சோவியத் யூனியன். கிழக்கோ மேற்கோ, யாருக்கும் அடகு வைக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை. பின்னாளில் அவரைக் கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று எழுதிய பத்திரிகைகள் இதை மட்டும் மறந்துவிட்டன.

1949 அக்டோபரில் தேர்தல் முறைகேட்டை எதிர்த்து அவர் தம் தோழர்களுடன் அரண்மனை வளாகத்தில் அமர்ந்து போராடினார். தேசிய முன்னணி என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. டெஹ்ரானில் தேர்தல் ரத்தாகி மறுபடி நடந்தபோது முஸத்திக்கும் தோழர்களும் வென்றார்கள். 1951 மார்ச்சில் எண்ணெயை நாட்டுடைமையாக்கும் தீர்மானம் மஜ்லிஸிலும் மேலவையிலும் நிறைவேறியது. ஏப்ரல் 28 அன்று மஜ்லிஸ் 79-க்கு 12 என்ற வாக்குகளில் முஸத்திக்கைப் பிரதமராகத் தேர்வு செய்தது.

பிரதமரானதும் அவர் காவல்துறைக்குப் பிறப்பித்த முதல் உத்தரவுகளில் ஒன்று நம் கவனத்துக்குரியது. தம்மைப் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதினாலும், எவ்வளவு தரக்குறைவாக எழுதினாலும், அதற்காக யார் மீதும் வழக்குத் தொடுக்கக் கூடாது என்றார். பத்திரிகைச் சுதந்திரத்தை அவர் முதலில் தம்மேல்தான் சோதித்துப் பார்த்தார். அந்தச் சுதந்திரத்தைத்தான் அந்நியப் பணம் பிறகு விலைக்கு வாங்கியது.

பைஜாமா அணிந்த முதியவர்

பிரிட்டன் ஈரானிய எண்ணெயை யாரும் வாங்காதபடி தடுத்தது. கடற்படைக் கப்பல்களை அனுப்பி மிரட்டியது. வழக்கை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கொண்டுபோனது. 1951 அக்டோபரில் முஸத்திக் தாமே நியூயார்க் சென்று தம் நாட்டின் நியாயத்தை எடுத்துரைத்தார். பிரிட்டன் எதிர்பார்த்த தீர்மானம் நிறைவேறவில்லை. பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலையின் சின்னமான மணியைப் பார்த்தார். திரும்பும் வழியில் கெய்ரோ மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 1952 ஜூலை 22 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றமும் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் ஈரான் பக்கம் வாக்களித்தவர்களில் பிரிட்டிஷ் நீதிபதியும் ஒருவர்.

சட்டத்தின் முன் தோற்ற பிரிட்டன் செய்தியின் மூலம் வெல்ல முனைந்தது. நோயாளியான முஸத்திக் கட்டிலில் இருந்தபடியே அலுவல் பார்ப்பார், அங்கேயே தூதர்களைச் சந்திப்பார். உணர்ச்சிவசப்பட்டால் கண்கலங்குவார், சில நேரம் மயங்கி விழுவார். லண்டன், நியூயார்க் பத்திரிகைகளுக்கு இது போதுமானதாக இருந்தது. சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற 70 வயது அரசியல்வாதியை, பைஜாமா அணிந்து அழும் பித்துப்பிடித்த கிழவராக அவை உலகுக்குக் காட்டின. அமெரிக்காவின் டைம் பத்திரிகை 1951-ஆம் ஆண்டின் மனிதராக அவரைத் தேர்ந்தெடுத்து அட்டையில் போட்டது. உள்ளே இருந்த கட்டுரையோ பெரும்பாலும் ஏளனம்.

இதே காலத்தில் பிபிசியின் பாரசீக ஒலிபரப்பு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் குரலாகவே நாட்டுடைமைக்கு எதிராகப் பேசியது. அங்கே பணியாற்றிய ஈரானியர்கள் சிலர் தம் நாட்டுக்கு எதிரான அந்த வரிகளை வாசிக்க மனமின்றி வேலையை நிறுத்தினார்கள். ஆங்கிலேயர்களே பாரசீகத்தில் வாசிக்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த மாதச் சம்பளத்தைவிட நாட்டின் மானம் பெரிது என்று நினைத்த அந்த ஊழியர்களை வரலாறு அதிகம் பேசவில்லை. நாம் இங்கே நினைவுகூர்கிறோம்.

1952 தேர்தல்

1952 தொடக்கத்தில் 17-ஆவது மஜ்லிஸுக்கான தேர்தல் நடந்தது. டெஹ்ரானின் 12 இடங்களையும் தேசிய முன்னணி வென்றது. மாகாணங்களில் நிலைமை வேறு. நிலப்பிரபுக்களின் பிடியும் படை அதிகாரிகளின் தலையீடும் அந்நியப் பணமும் சேர்ந்துகொண்டன. பிரிட்டிஷ் உளவுத்துறை டெஹ்ரானில் ரஷீதியான் சகோதரர்கள் என்ற வணிகக் குடும்பத்தின் வழியாக மஜ்லிஸ் உறுப்பினர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பணம் கொடுத்து வந்தது. 136 இடங்களில் 79 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிலையில், அந்நியர்களின் கைக்கூலிகள் தேர்தலைக் கெடுக்கிறார்கள் என்று கூறி முஸத்திக் மீதித் தேர்தலை நிறுத்திவைத்தார்.

அவர் சொன்ன காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் தேர்தல் தொடர்ந்திருந்தால் அவருடைய எதிரிகள் அதிக இடங்களைப் பெற்றிருப்பார்கள் என்பதும் உண்மை. வாக்கைக் காப்பதற்காக வாக்களிப்பையே நிறுத்திய இந்த முடிவு அவரைப் பின்தொடர்ந்தது.

அந்த ஜூலையில் படைத்துறையை யார் வைத்திருப்பது என்று ஷாவுடன் மோதல் வந்து அவர் பதவி விலகினார். மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஆயத்துல்லாஹ் காஷானி அவருக்காகக் குரல் கொடுத்தார். ஜூலை 21 அன்று பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷா பணிந்தார், முஸத்திக் திரும்பினார். அக்டோபரில் பிரிட்டனுடனான தூதரக உறவையே துண்டித்தார். பிரிட்டிஷ் உளவாளிகள் வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலையை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது.

ஒரே எழுத்தாளர், பல பெயர்கள்

1953 ஏப்ரலில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏயின் தலைவர் ஆலன் டல்லஸ், முஸத்திக்கை வீழ்த்த டெஹ்ரான் அலுவலகத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கினார். ஜூலையில் அதிபர் ஐசனோவர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். இவை எல்லாம் ஊகங்கள் அல்ல. சிஐஏ 1954-இல் தனக்காக எழுதி வைத்த உள்வரலாறு 2000-இல் வெளியே வந்தது. அதில் எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

திட்டத்தின் முதல் ஆயுதம் துப்பாக்கி அல்ல, செய்திதான். வாஷிங்டனில் சிஐஏ ஓவியர்கள் முஸத்திக்கைக் கேலி செய்யும் சித்திரங்களை வரைந்தார்கள். அவை டெஹ்ரானுக்கு வந்து உள்ளூர்ப் பத்திரிகைகளில் அச்சாயின. ஒரு பத்திரிகை உரிமையாளருக்கு மட்டும் சுமார் 45,000 டாலர் கடன் என்ற பெயரில் தரப்பட்டது. மஜ்லிஸ் உறுப்பினர்களை விலைக்கு வாங்க வாரம் 11,000 டாலர். சிஐஏவுக்காகப் பணியாற்றிப் பின்னர் பேராசிரியரான ரிச்சர்ட் காட்டம், தாம் எழுதும் கட்டுரைகள் மறுநாளே டெஹ்ரான் பத்திரிகைகளில் வந்துவிடும் என்று பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். முஸத்திக்கைக் கம்யூனிஸ்டுகளின் தோழராகவும் அதேநேரம் வெறியராகவும் காட்டுவதே அந்தக் கட்டுரைகளின் நோக்கம்.

ஒரு ஈரானியக் குடும்பத் தலைவரை இங்கே நினைத்துப் பாருங்கள். காலையில் நான்கு பத்திரிகைகளைப் புரட்டுகிறார். நான்கும் பிரதமரைத் திட்டுகின்றன. நான்கு ஈரானியர்கள் தனித்தனியாக இப்படி நினைக்கிறார்களே என்று எண்ணுகிறார். எழுதியவர் ஒருவர்தான், அவர் ஈரானியரே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. லண்டன் வானொலியைக் கேட்டவருக்காவது அது லண்டன் வானொலி என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

இதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. சிஐஏயின் ஆட்கள் தங்களைக் கம்யூனிஸ்டுகள் என்று காட்டிக்கொண்டு, முஸத்திக்கை எதிர்த்தால் கடும் தண்டனை கிடைக்கும் என்று மார்க்கத் தலைவர்களை மிரட்டினார்கள். ஒரு தலைவரின் வீட்டில் வெடி வைத்தார்கள். தீன் ஆபத்தில் இருக்கிறது என்ற அச்சத்தை ஈமானுள்ள மக்களின் உள்ளத்தில் விதைக்க முஸ்லிம் அல்லாத ஓர் உளவு நிறுவனம் திட்டம் போட்டது. நம்முடைய மார்க்க உணர்வே நமக்கு எதிரான கருவியாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

முஸத்திக் செய்த தவறு

விலைபோன உறுப்பினர்கள் மஜ்லிஸில் தம்மை வாக்கெடுப்பில் வீழ்த்திவிடுவார்கள் என்று முஸத்திக் அஞ்சினார். சிஐஏயின் திட்டமும் அதுவாகவே இருந்தது. எனவே மஜ்லிஸைக் கலைக்கலாமா என்று 1953 ஆகஸ்ட் 3 முதல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்பவர்களுக்கு ஒரு கூடாரம், இல்லை என்பவர்களுக்கு வேறு கூடாரம். யார் எங்கே நுழைகிறார் என்பது தெருவுக்கே தெரியும். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் ஆம் என்றார்கள். இல்லை என்றவர்கள் சுமார் 1,200 பேர்.

அவருக்கு உண்மையிலேயே பெரும் மக்கள் ஆதரவு இருந்தது. இரகசிய வாக்கெடுப்பு நடத்தியிருந்தாலும் அவர் வென்றிருக்கலாம். ஆனால் இந்தக் கூடாரங்கள் எதிரிகள் தேடிக்கொண்டிருந்த ஆதாரத்தை அவர்கள் கையில் கொடுத்தன. அதுவரை பொய் சொல்லி அவரைச் சர்வாதிகாரி என்ற வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இப்போது காட்டுவதற்கு ஒரு படம் கிடைத்தது. கூடவே நின்ற காஷானியும் ஏற்கெனவே எதிரணிக்குப் போயிருந்தார். நேசிக்கும் தலைவரின் தவறை மறைத்துவிட்டு வரலாறு எழுதினால் நமக்கும் அந்தப் பத்திரிகைகளுக்கும் என்ன வேறுபாடு? அதனால் இதையும் சொல்கிறோம்.

நான்கு நாட்கள்

ஷா தயங்கினார். சிஐஏ அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவில் அரண்மனைக்குள் காரில் மறைந்து சென்று அவரைச் சந்தித்தார். தமக்குப் பின்னால் லண்டன் இருக்கிறது என்பதை நிரூபிக்க, பிபிசி நள்ளிரவு நேரம் சொல்லும்போது வழக்கத்துக்கு மாறாக ஒரு சொல்லைச் சேர்க்கும் என்று உறுதியளித்ததாக ரூஸ்வெல்ட் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 15 இரவு முஸத்திக்கைப் பதவிநீக்கும் ஆணையோடு வந்த படை அதிகாரி பிடிபட்டார். ஷா பாக்தாதுக்கும் பின் ரோமுக்கும் ஓடினார். திட்டம் தோற்றது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆணையின் பிரதிகள் அமெரிக்க நிருபர்களுக்கும் டெஹ்ரான் பத்திரிகைகளுக்கும் கொடுக்கப்பட்டன. முஸத்திக் இனி சட்டப்படி பிரதமர் அல்ல என்ற செய்தி பரவியது. ஆகஸ்ட் 19 அன்று கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களும் அவர்களோடு சேர்ந்த கூட்டமும் வீதிகளை நிறைத்தன. இராணுவ டாங்கிகள் வந்தன. பிற்பகலில் டெஹ்ரான் வானொலி நிலையம் கைப்பற்றப்பட்டு, முஸத்திக் வீழ்ந்தார் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வந்தபோது அவர் இன்னும் தம் வீட்டில் பிரதமராகத்தான் இருந்தார். செய்தி முதலில் வந்தது, வீழ்ச்சி பிறகு வந்தது. மாலையில் வீடு தகர்க்கப்பட்டது. அன்று நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். மறுநாள் முஸத்திக் சரணடைந்தார்.

அடுத்த ஆண்டே ஈரானிய எண்ணெய் ஒரு கூட்டமைப்பின் கைக்குப் போனது. பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம், மீதி டச்சு, பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கு. செய்திகளுக்குச் செலவிட்ட பணம் வட்டியோடு திரும்பியது என்றே சொல்ல வேண்டும். முஸத்திக்கின் வெளியுறவு அமைச்சரும் பத்திரிகையாளருமான ஹுசைன் ஃபாத்திமி 1954 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அஹ்மதாபாத்தில் ஓர் அறை

இராணுவ நீதிமன்றம் முஸத்திக்குக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அது முடிந்ததும் அஹ்மதாபாத் வீட்டில் காவல். சாகும்வரை அவர் அங்கேயே இருந்தார். 1965-இல் மனைவியை இழந்தார். புற்றுநோய் முற்றியபோது டெஹ்ரானுக்குக் கொண்டுவரப்பட்டு, தம் தாயார் வக்ஃபு செய்த அதே நஜ்மிய்யா மருத்துவமனையில் 1967 மார்ச் 5 அன்று இறையடி சேர்ந்தார். 1952 ஜூலையில் தமக்காக உயிர் நீத்தவர்களின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. ஷா அரசு அதை மறுத்தது. அஹ்மதாபாத் வீட்டின் உணவறையிலேயே அவரை அடக்கினார்கள்.

ஷாவின் ஆட்சி முடிந்த 1979-இல் அவருடைய நினைவு நாளன்று அந்தச் சின்னக் கிராமத்தை நோக்கிப் பெருந்திரளான மக்கள் சென்றார்கள். ஷாவின் கடைசி மாதங்களில் அவருடைய ஆதரவாளர்கள், பிபிசி பாரசீக ஒலிபரப்புதான் தங்களை வீழ்த்துகிறது என்று புலம்பினார்கள். 1953-இல் அந்நிய உதவியால் அரியணையைக் காத்துக்கொண்டவரின் ஆட்களே அந்நிய வானொலியைக் குறை சொன்னதுதான் காலத்தின் விசித்திரம். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் 2000-இல் தம் நாட்டின் பங்கை ஒப்புக்கொண்டார். 2013-இல் சிஐஏ ஆவணமும் வெளிப்படையாக ஏற்றது. அதற்குள் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

நாம் எங்கே நிற்கிறோம்?

அப்படியென்றால் வெளிநாட்டு ஊடகம் மற்ற நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பேசவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. முஸத்திக்கே வெளிநாட்டு நிருபர்களைச் சந்தித்தார். ஐ.நா.வில் உலகத்தைப் பார்த்துப் பேசினார். உள்நாட்டு ஊடகங்கள் வாய்மூடிக் கிடக்கும் நாடுகளில் அநீதியை வெளியே சொல்ல வெளிநாட்டு ஊடகம் தேவைப்படுகிறது. முஸ்லிம்கள் பாதிக்கப்படும் பல இடங்களில் அந்தச் செய்திகளால்தான் உலகம் விழித்துக்கொள்கிறது.

ஆனால் செய்தி சொல்வது வேறு, முடிவைத் திணிப்பது வேறு. பேசுபவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்பது தெரிந்தால், கேட்பவர் எடைபோட்டுக்கொள்வார். பேசுபவர் பெயரை மறைத்து, அந்நாட்டு மக்களின் குரலைப் போல வேடமிட்டால் அது வாக்குத் திருட்டு. ஏனென்றால் தேர்தலின் முடிவோடு வாழப்போவது அந்த நாட்டு மக்கள். லண்டனில் மைக் முன்னால் அமர்ந்தவருக்கும் வாஷிங்டனில் கார்ட்டூன் வரைந்தவருக்கும் அடுத்த 25 ஆண்டுகள் ஷாவின் சிறைகளில் கிடக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்த அளவுகோல் மேற்குலகுக்கு மட்டுமானதல்ல. முஸ்லிம் நாடுகளின் அரசுப் பணத்தில் நடக்கும் ஊடகங்கள் இன்னொரு முஸ்லிம் நாட்டின் தேர்தலில் ஆட்களை ஏற்றி இறக்கும்போதும் இதுதான் அளவுகோல்.

நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஏதோ ஒரு முஸ்லிம் நாட்டில் தேர்தல் என்றால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பிவிடுகின்றன. இவர் உம்மத்தின் காவலர், அவர் எதிரிகளின் கையாள் என்று யார் எழுதியது என்றே தெரியாத செய்திகளை நல்ல எண்ணத்தோடு அனுப்பிவிடுகிறோம். டெஹ்ரானில் அன்று காலைப் பத்திரிகையை நம்பிய அந்தக் குடும்பத் தலைவரின் நிலையில்தான் நாமும் இருக்கிறோம். நம்பத் தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாம் என்றும் சூரா அல்ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் அனுப்பும் முன் இரண்டு கேள்விகளை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுக்கொள்வோம். இதை எழுதியது யார்? இது பொய்யானால் பாதிக்கப்படுவது யார்?

உண்மையை உறுதிப்படுத்துபவர் என்ற பொருளுள்ள பெயரோடு வாழ்ந்தவரைப் பொய்ச் செய்திகள் வீழ்த்தின. அந்தப் பெயருக்குரிய வேலையை இனி நாம் செய்வோம். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. கேட்பதையெல்லாம் பரப்பாமல், உறுதிப்படுத்திப் பேசும் மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. ஆமீன்.